டெல்பர்ட் நியெமி தளர்த்திய வில்

சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, மிச்சிகனின் வட முனையில் காப்பர் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அங்கே வில் வைத்திருக்கிறவர்களெல்லாம் டெல்பர்ட் நியெமி வீட்டு நிலவறைப் படியில் இறங்க ஆரம்பித்துவிடுவார்கள். அக்டோபர் முதல் தேதி மான் வேட்டை திறக்கும். அதற்குள் பழைய நாணைக் கழற்றிப் புதுசு மாட்ட வேண்டும். வில்லின் இரண்டு முனையிலும் இருக்கிற சக்கரங்கள் ஒன்றுபோலச் சுழன்று ஒன்றுபோல நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அம்பு வாலை ஆட்டாமல் நேராகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் அவரவர் வீட்டில் செய்துகொள்ளக்கூடிய வேலைதான். செய்தும் பார்ப்பார்கள். இரண்டு நாள் மல்லாடிவிட்டு, எதையோ திருகி எதையோ கெடுத்துக்கொண்டு, கடைசியில் டெல்பர்ட்டிடம் வருவார்கள்.

அவன் திட்டமாட்டான். "எதைத் தொட்டே?" என்று மட்டும் கேட்பான்.

மனிதன் நெட்டை. சுரங்கத்துப் பட்டறையில் கடைசல் இயந்திரத்தின் முன்னால் குனிந்து நின்றே பாதி ஆயுள் போனதால் முதுகு நிரந்தரமாக வளைந்துவிட்டது. சுரங்கத்தை மூடிய பிறகு மாவட்ட நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரிகளைப் பழுது பார்த்தான். அதிலிருந்தும் ஓய்வு பெற்றபோது அவனுக்கு மிச்சமிருந்தது அந்த நிலவறையும், சனிக்கிழமை சௌனா என்கிற நீராவிக் குளியலும், அக்டோபரும்தான். மனைவி ரோண்டா எப்போதோ கிரீன் பே நகரத்துக்குப் போய்விட்டாள். அவர்களுக்குள் பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. பெட்டியைக் காரில் வைத்துவிட்டு அவள் சொன்னது இவ்வளவுதான்: "அந்த இரும்போட பேசுறதுல பாதி என்னோட பேசியிருந்தா நான் இருந்திருப்பேன் டெல்." அதற்கு என்ன பதில் சொல்வதென்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோதே கார் வளைவைத் தாண்டிவிட்டது.

அவனோடு பேச முடிந்த ஒரே ஆள் கார்ல்டன் ப்ரிஸ்க். பேச முடிந்தது என்பதைவிட, பேசாமல் இருக்க முடிந்தது என்று சொல்லலாம். பேச்சு முழுவதையும் ப்ரிஸ்க்கே பார்த்துக்கொள்வான். தச்சன். ஊரில் பாதி வீடுகளின் படிக்கட்டும் அலமாரியும் அவன் கைவேலை. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வயது. ப்ரிஸ்க் வீட்டுக்குப் பின்னால் தேவதாரு சதுப்பும் மேப்பிள் மேடுமாக ஒரு காடு இருந்தது. மேட்டின் இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் என்று மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்திருப்பார்கள். நடுப்பகலில் இறங்கி வந்து விழுந்து கிடக்கும் ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்து, ப்ரிஸ்க்கின் மனைவி மார்லிஸ் சுட்டுக் கொடுத்த பேஸ்ட்டியைத் தின்பார்கள். மாவுக்குள்ளிருக்கும் கறியும் உருளைக்கிழங்கும் சட்டைக்குள் வைத்திருந்த சூட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். மான் கிடைத்த வருஷமும் உண்டு, கிடைக்காத வருஷமும் உண்டு. டெல்பர்ட்டுக்கு அது பெரிய விஷயமில்லை. வருஷம் முழுக்க அவன் காத்திருந்தது அந்த மரத்தின்மேல் உட்காருவதற்கு.

அந்த ஆகஸ்டில் ப்ரிஸ்க் வில்லோடு வந்தபோது படியில் இறங்குகிறவன் வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்ததை டெல்பர்ட் பார்த்தான்.

"தோளுக்கு என்ன?"

"கிழிஞ்சிருக்காம். உள்ளே ஏதோ தசைநார். படமெல்லாம் எடுத்தாங்க. செப்டம்பர் கடைசியில தேதி கொடுத்திருக்காங்க, வெட்டித் தைக்க." ப்ரிஸ்க் வில்லை மேசைமேல் வைத்தான். "ஆறு மாசம் கையைத் தூக்கக் கூடாதாம். ஆறு மாசம்டா! இந்த வருஷம் நீ தனியாத்தான் உக்காந்து பேஸ்ட்டி தின்னணும். என் பங்கையும் சேர்த்துத் தின்னுறாதே, பரண் தாங்காது."

"அப்போ வில்லை எதுக்குக் கொண்டுவந்தே?"

"அதுவரைக்கும் சாயங்காலம் கொல்லையில ரெண்டு அம்பு விடலாம்ல? சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிச்சுரும். புது நாண் போடு. எப்பவும் போல அறுபத்தஞ்சு பவுண்டு இழுவை. மத்ததெல்லாம் உனக்குத் தெரியும்."

டெல்பர்ட் தலையாட்டினான்.

மறுநாள் காலை மார்லிஸ் வந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் முப்பது வருஷம் நின்றவள். நேராகப் பேசிப் பழகியவள். கையில் ஒரு டப்பா நிறைய புளூபெர்ரி.

"இது லஞ்சம்" என்றாள். "கார்ல்டன் வில்லைக் கொஞ்சம் லேசாக்கிக் கொடு. அவனுக்குத் தெரிய வேண்டாம்."

"தெரியாம எப்படி?"

"அது உன் வேலை. ராத்திரி படுக்கையில திரும்ப முடியாம முனகுறான் டெல். காலையில எழுந்து, 'ஒண்ணுமில்ல, கனவு'ங்கறான். சாயங்காலம் போய் அந்த வில்லை இழுக்கறான். குறைச்சுக்கோன்னா கேக்க மாட்டான். குறைச்ச வில்லை இழுக்கறதுக்குப் பதிலா பின்னல் போடக் கத்துக்கறேங்கறான். ஆபரேஷன் வரைக்கும்தான். அஞ்சு வாரம். அதுக்குள்ள மிச்சமிருக்கறதையும் கிழிச்சுக்காம இருந்தாப் போதும்."

அவள் கேட்டதில் தப்பு எதுவும் டெல்பர்ட்டுக்குத் தெரியவில்லை. நண்பனின் தோளைக் காப்பாற்றுகிற காரியம்தானே. சரி என்றான்.

வேலை நான்கு நாள் பிடித்தது. வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸில் மாட்டி, வில்லின் கைகள் இரண்டையும் மெல்ல நெருக்கி, நாணையும் கேபிள்களையும் கழற்றினான். கைகளைப் பிடித்திருக்கும் மேல் போல்ட்டையும் கீழ் போல்ட்டையும் ஒரே அளவாகத் தளர்த்தினான், இதற்குமேல் போனால் ஆபத்து என்கிற இடம் வரைக்கும். புது நாண் ஏற்றித் தராசில் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்தான். ஐம்பத்து மூன்று பவுண்டு. சக்கரங்களில் இருந்த சின்னத் தகட்டை மாற்றினான். முழுக்க இழுத்து நிற்கும்போது தோளில் விழுகிற பாரம் இன்னும் குறைந்தது.

இவ்வளவோடு போகாது என்பது அவனுக்குத் தெரியும். வில் இளகினால் பழைய அம்பு அதற்கு விறைப்பாகிவிடும். சட்டத்தில் காகிதத்தை இறுக்கிக் கட்டி ஆறடி தள்ளி நின்று அதன் வழியே எய்து பார்த்தான். துளை வட்டமாக விழவில்லை, பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. அதனால் இளக்கமான தண்டில் புது அம்புகள் செய்தான். ப்ரிஸ்க்கின் பழைய அம்புகளில் இருந்த அதே ஆரஞ்சு, அதே வெள்ளை இறகு. தண்டில் அதே கறுப்புப் பூச்சு. பிறகு அம்பு உட்காரும் தாங்கியை மயிரிழை நகர்த்தினான், எய்தான், நகர்த்தினான், எய்தான். கடைசி நாள் பிற்பகலில் காகிதத்தில் பென்சிலால் குத்தியது போல ஒரு துளையும், மூன்று இறகுக்கு மூன்று சுத்தமான கீறலும் விழுந்தன. இன்னொன்று எய்தான். அதுவும் அப்படியே. அத்தனை வருஷத்தில் அவன் கையிலிருந்து அப்படி ஒரு வில் போனதில்லை. கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. காட்ட வேண்டிய ஆளிடம்தான் மறைக்க வேண்டியிருந்தது.

ப்ரிஸ்க் வந்தான். வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் கட்டுக்கு எதிரே நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, வலிக்கப்போகிறது என்று தெரிந்தவனாக நாணை இழுத்தான். நாண் வந்தது. சுலபமாக வந்தது. முகம் மாறியது. அப்படியே நின்றான், குறி பார்த்தான், விட்டான். இருபது கஜத்தில் நடுப்புள்ளியில் போய் அம்பு குத்தியது.

"டேய்."

"என்ன?"

"வலிக்கல!" இன்னொரு அம்பைக் கோத்தான். "டெல், வலிக்கலடா! டாக்டர் கொடுத்த பயிற்சியை ரப்பர் பட்டையில தினமும் பண்றேன்ல? தோள் திரும்பி வந்துடுச்சு!"

"மெதுவா" என்றான் டெல்பர்ட்.

"என்ன மெதுவா? அறுபத்தஞ்சை வெண்ணெய் மாதிரி இழுக்கறேன்!" முப்பது கஜத்துக்குப் போனான், நாற்பதுக்குப் போனான். "ஆமா, குறி ஊசியெல்லாம் ஏன் இப்படித் தள்ளித் தள்ளி இருக்கு? முன்னே நெருக்கமால்ல இருந்துச்சு?"

"புது அம்பு. கனம் ஜாஸ்தி."

வேகம் குறைந்த வில்லுக்குத்தான் ஊசிகள் அப்படித் தள்ளி நிற்கும், ஆனால் வாய் தானாக அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டது. ப்ரிஸ்க் அம்பை ஒரு முறை உருட்டிப் பார்த்தான், அவ்வளவுதான். டெல்பர்ட் சொன்னால் அதற்குமேல் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

சொல்வதற்கு அது சரியான நேரம். பின்னாளில் டெல்பர்ட் அந்த நிமிஷத்துக்கு எத்தனையோ முறை திரும்பிப் போயிருக்கிறான். வெயில் மேப்பிள் மரங்களுக்கு மேலே இருந்தது. ப்ரிஸ்க் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வைக்கோல் கட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான். 'உன் பெண்டாட்டி கேட்டா, நான் தளர்த்தினேன்' என்று சொன்னால் போதும். ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்திருப்பான். பிறகு, 'எனக்குப் பின்னல் ஊசி வாங்கிக் கொடு' என்று கேலி பேசியிருப்பான். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

பத்து நாள் கழித்து மார்லிஸ் மறுபடி வந்தாள். இந்தத் தடவை கையில் ஒன்றும் இல்லை.

"ஆபரேஷன் வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிட்டான்."

டெல்பர்ட் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"டாக்டர் பேசினாரு. கிழிசல் தானா ஒட்டாது, தள்ளிப்போடாதீங்கன்னாரு. இவன் என்ன சொல்றான் தெரியுமா? 'அறுபத்தஞ்சு பவுண்டு இழுக்கறேன், அந்தப் படத்தை வேற யார் தோள்லயோ எடுத்துட்டாங்க'ங்கறான். சொல்லிடு டெல். நான் சொன்னா கோபத்துல ஏறுக்குமாறா ஏதாவது பண்ணுவான். வில்லைப் பத்தி நீ சொன்னா கேப்பான்."

"சொல்றேன்."

"எப்போ?"

அவன் பிரஸ்ஸைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "சீசன் முடியட்டும் மார்லிஸ். டிசம்பர்ல தைச்சுக்கலாம். லேசான வில்தானே? அதனால ஒண்ணும் ஆகாது. ரெண்டு மாசத்துல என்ன ஆயிடப்போகுது?"

"அது உனக்கு எப்படித் தெரியும்? நீ தோள் டாக்டரா?"

"அவன் எவ்வளவு சந்தோஷமா இருக்கான், நீயே பாரு."

மார்லிஸும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பல மாதமாகக் காணாத சிரிப்பு வீட்டில் திரும்பி வந்திருந்தது. அதைத் தன் கையால் அணைக்க அவளுக்கும் மனம் வரவில்லை. "டிசம்பர்" என்றாள். "நீதான் சொல்லணும்." படியேறிப் போனாள்.

உண்மையில் அவன் ப்ரிஸ்க்கின் சந்தோஷத்தை நினைத்துப் பேசவில்லை. அந்த விழுந்த மரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் தன்னை நினைத்துப் பேசினான். அதை மார்லிஸ் கண்டுகொண்டாளா என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்கே அப்போது முழுசாகத் தெரியவில்லை.

அந்த அக்டோபர் போல ஒரு அக்டோபர் வந்ததில்லை. மழை குறைவு. இலைகள் சீக்கிரம் உதிர்ந்து காட்டுக்குள் தூரம்வரை பார்வை போயிற்று. ப்ரிஸ்க் ஓயாமல் பேசினான். கட்டின வீடுகள், தன்னிடம் மாட்டிக்கொண்ட வீட்டுக்காரர்கள், டெல்பர்ட்டின் மூக்கு.

"வில்லை ஏன்டா அப்படிப் பிடிக்கறே? வாத்துக் கழுத்தை நெரிக்கற மாதிரி? ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கறே, உன் பிடியைப் பாரு."

"வாத்து நல்லாருக்கும். உன் பேச்சை நிறுத்தற மாதிரி ஏதாவது கிடைச்சா அதையும் நெரிப்பேன்."

இப்படி டெல்பர்ட் பதிலுக்குப் பதில் பேசியதெல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான். சனிக்கிழமை சௌனாவில் ப்ரிஸ்க் தோளில் நீராவி படும்படி மேல் பலகையில் உட்கார்ந்து, "பார், எப்படிச் சுத்துது" என்று கையைச் சுழற்றிக் காட்டுவான். பாதிச் சுற்றில் முகம் ஒரு நொடி சுளிக்கும். டெல்பர்ட் கல்லின்மேல் தண்ணீர் ஊற்றுவான்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, மேட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. நாண் விடுபடுகிற சத்தம். பிறகு சருகு நொறுங்கியது, பிறகு அமைதி. டெல்பர்ட் இறங்கிப் போனபோது ப்ரிஸ்க் சதுப்பின் ஓரத்தில் நின்றிருந்தான். காலடியில் எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு மான். அம்பு ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போயிருந்தது. மான் அதிக தூரம் ஓடவில்லை.

"உன் வில்" என்றான் ப்ரிஸ்க். "உன் வில்லுடா டெல். கோடு போட்ட மாதிரி போச்சு."

குடலை எடுத்துச் சுத்தம் செய்தார்கள். கொம்பில் கயிறு கட்டினார்கள். சதுப்பிலிருந்து மேடேறி லாரிக்குப் போக வேண்டும்.

"நான் இழுக்கறேன், விடு" என்றான் டெல்பர்ட்.

"என் மான். நான்தான் இழுப்பேன்."

"தோள்..."

"தோளுக்கு என்ன? தோள்தானே இதை அடிச்சுது?"

டெல்பர்ட்டின் நாக்கு நுனிவரை வந்தது. 'தோள் அடிக்கலடா, நான் தளர்த்தின போல்ட் அடிச்சுது.' மான் கிடக்கிறது, நண்பன் முகம் மின்னுகிறது, இப்போதா இதைச் சொல்வது? கயிற்றின் இன்னொரு முனையை வாங்கிக்கொண்டு கூடவே இழுத்தான். மேட்டில் பாதி ஏறியபோது மான் ஒரு வேரில் சிக்கியது. ப்ரிஸ்க் வலது கையால் வெடுக்கென்று இழுத்தான். 'ஹக்' என்று ஒரு சத்தம். கயிறு அவன் கையிலிருந்து விழுந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வழுக்கிடுச்சு." முகம் வெளுத்திருந்தது. மிச்ச தூரத்துக்கு இடது கையால் இழுத்தான். அன்று சாயங்காலம் மார்லிஸ் மான் ஈரலை வெங்காயத்தோடு வதக்கிப் போட்டாள். ப்ரிஸ்க் இடது கையில் முள்கரண்டி பிடித்துச் சாப்பிட்டான். டெல்பர்ட் பார்த்தான், மார்லிஸ் பார்த்தாள்.

டிசம்பர் வந்தும் டெல்பர்ட் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குள் ப்ரிஸ்க்கால் வலது கையால் தொப்பியை எடுத்துத் தலையில் வைக்க முடியவில்லை. மறுபடி படம் எடுத்தார்கள். ஜனவரியில் மார்க்கெட் என்கிற பெரிய ஊருக்குப் போய்ப் பெரிய மருத்துவரைப் பார்த்தார்கள். தசைநார் முழுக்க அறுந்து உள்ளே சுருங்கிவிட்டது, தசை கொழுப்பாகிக்கொண்டிருக்கிறது, இனி இழுத்துத் தைத்தாலும் பிடிக்காது என்றார் அவர். வலியைக் குறைக்கலாம், கை மேலே போகாது. செப்டம்பரில் வந்திருந்தால் கதை வேறு.

ப்ரிஸ்க் அவரிடம் கேட்டிருக்கிறான்: "நவம்பர் வரைக்கும் அறுபத்தஞ்சு பவுண்டு வில் இழுத்தேனே, அது எப்படி?"

மருத்துவரும் வில் வேட்டைக்காரர்தான். பழைய படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தோளாலயா? இருக்காது" என்றார்.

மறுநாள் பகலில் டெல்பர்ட் அடுப்புக்கு விறகு எடுத்துக்கொண்டு நிலவறைக்கு வந்தபோது ப்ரிஸ்க் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தான். பனி அப்பிய பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. இடது கையில் வில். ஒன்றும் பேசாமல் உத்தரத்தில் தொங்கிய தராசுக் கொக்கியில் நாணை மாட்டினான். இடது கையால் வில்லைப் பிடித்து, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டுக் கீழே இழுத்தான். முள் ஏறியது. ஐம்பதைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்று இறங்கியது. மறுபடி இழுத்தான். அதே இடம்.

டெல்பர்ட் விறகை மார்போடு அணைத்தபடி நின்றான்.

"போல்ட் தானா தளருமா டெல்?"

"தளராது."

"ஏன்?"

அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் டெல்பர்ட் தடுமாறிப்போனான். தன்னை யார் காப்பாற்றுவார்கள் என்று தேடுகிறவன் மாதிரி அவன் வாயிலிருந்து வந்தது: "மார்லிஸ்தான் கேட்டா."

ப்ரிஸ்க் வில்லைத் தராசிலேயே விட்டுவிட்டுப் படியேறினான். இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக.

ப்ரிஸ்க் வீட்டில் என்ன நடந்தது என்பதை மூன்று நாள் கழித்து மார்லிஸ் போனில் சொன்னாள். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தங்கச்சி வீட்ல இருக்கேன். அவன் என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கறான். நான் கேட்டதைச் சொன்னே, சரி. கேட்டேன், இல்லேங்கல. செப்டம்பர்ல உன்கிட்ட வந்து சொல்லிடுன்னு நின்னேனே, அதைச் சொன்னியா?"

"இல்ல."

"பாதியைச் சொல்லிருக்கே."

"நீ சொல்லலையா?"

"சொன்னேன். நம்பலை. 'நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு'ங்கறான்."

போனை வைத்ததும் டெல்பர்ட் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ப்ரிஸ்க் சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து இடது கையால் ரொட்டியில் வெண்ணெய் தடவ முயன்றுகொண்டிருந்தான். ரொட்டி தட்டில் வழுக்கி வழுக்கி ஓடியது. உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டெல்பர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சொன்னான்.

"மார்லிஸ் கேட்டது ஆபரேஷன் வரைக்கும்தான். நீ வேண்டாம்னு சொன்னதும் ஓடி வந்தா, அவன்கிட்ட சொல்லுன்னா. நான்தான் சீசன் முடியட்டும்னேன். அவ எப்போன்னு கேட்டப்பவும் நான்தான் தள்ளிப்போட்டேன். அவ மேல தப்பில்ல."

"எதுக்குத் தள்ளிப்போட்டே?"

"நீ இல்லாம..." தொப்பியைக் கையில் சுற்றினான். "தனியா உக்காரணுமேன்னு."

ப்ரிஸ்க் கத்தியை மேசைமேல் வைத்தான். சிரிப்பதுபோல ஒரு மூச்சு விட்டான்.

"ஒரு சீசனுக்காகவா?"

"ஆமா."

"மடையா. தோளைத் தைச்சுக்கிட்டு, கையைக் கழுத்துத் துணியில தொங்கவிட்டுக்கிட்டு, வில்லே இல்லாம உன் கூட வந்து அந்த மரத்துல உக்காந்திருப்பேனேடா. வீட்ல உக்காந்து நான் என்ன பண்ணப்போறேன்? நீ ஒரு வார்த்தை கேட்டியா?"

டெல்பர்ட்டுக்கு அது தோன்றவே இல்லை. வில் இல்லாமல் ஒருவன் காட்டுக்கு வருவான், தனக்காக வருவான் என்பது அவன் புத்திக்கு எட்டியதே இல்லை. நாண், சக்கரம், தண்டின் விறைப்பு என்று அத்தனையையும் கணக்குப் பார்த்தவன், இதை மட்டும் கேட்டுப் பார்க்கவில்லை.

"கேக்கல" என்றான்.

"போய்ட்டு வா" என்றான் ப்ரிஸ்க். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மார்லிஸ் அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குத் திரும்பினாள். பழையபடி ஆக அவர்களுக்கு வசந்தம் வரை பிடித்தது. டெல்பர்ட்டின் கணக்கு அப்படித் தீரவில்லை. ப்ரிஸ்க் தன் பட்டறையை மூடினான். தலைக்கு மேல் சுத்தியலைத் தூக்க முடியாத தச்சனுக்குப் பெரிய வேலை எதுவும் கிடையாது. மேசைமேல் வைத்துச் செய்யக்கூடிய சின்னச் சின்னப் பெட்டிகளும் பறவைக் கூடுகளும் செய்து கோடைச் சந்தையில் வைத்தான். டெல்பர்ட் ஒரு பறவைக் கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். இணைப்பெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. மார்லிஸ் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். ப்ரிஸ்க் அடுத்த ஆளிடம் வானிலை பேசிக்கொண்டிருந்தான்.

ஆகஸ்டில் வழக்கம்போல ஆட்கள் வில்லோடு வந்தார்கள். டெல்பர்ட் செய்து கொடுத்தான். வேலையில் குறை வைக்கவில்லை. முன்பெல்லாம் காகிதத்தில் சுத்தமான துளை விழுந்தால் உள்ளுக்குள் ஒரு நிறைவு வரும். இப்போது விழுந்ததும் காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவான். அக்டோபரில் அவன் காட்டுக்குப் போகவில்லை. காடு ப்ரிஸ்க்குடையது. அவன் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

அந்த வருஷத்து முதல் பெரும்பனி நவம்பர் நடுவில் கொட்டியது. காலையில் கடைக்குப் போகும் வழியில் டெல்பர்ட் லாரியிலிருந்து பார்த்தான். ப்ரிஸ்க் வீட்டு முன்னால் இடது கையால் மட்டும் அகலமான பனி மண்வெட்டியைப் பிடித்து, இடுப்பால் முட்டுக்கொடுத்துப் பனி தள்ளிக்கொண்டிருந்தான். நாலு தள்ளலுக்கு ஒரு முறை நின்றான். டெல்பர்ட் லாரியை ஓரங்கட்டினான். பின்னாலிருந்து தன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சாலைப் பக்கத்திலிருந்து தள்ள ஆரம்பித்தான். ப்ரிஸ்க் நிமிர்ந்து பார்த்தான். தன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

டெல்பர்ட் தள்ளினான். பனி ஈரப்பனி, கனம். வாசல்வரை வழி விழ நேரமானது. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முடித்துவிட்டு மண்வெட்டியை லாரியில் போடப்போனபோது கதவு திறந்தது.

"அஞ்சல் பெட்டிப் பக்கம் தள்ளலையே" என்றான் ப்ரிஸ்க். "தபால்காரி காரோட வந்து நின்னா எப்படிப் போடுவா?"

"இதோ."

கதவு சாத்திக்கொண்டது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். டெல்பர்ட் அஞ்சல் பெட்டிப் பக்கம் போய், மெதுவாக, தரை தெரியும்வரை சுரண்டினான்.